உடம்பில் மதுவமும் உலோகமும்: எதை நம்புவது, எதைச் சோதிப்பது

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் வைத்தியர்களானோம். மேடையில் ஒருவருக்குத்தான் இடம் என்று விழாக்குழு சொல்லிவிட்டது. ஆகவே மூவரும் சேர்ந்து எழுதியதை ஒருத்தி வாசிக்கிறாள். பேச்சு முழுவதும் 'நாங்கள்' என்று வருவதற்கு அதுதான் காரணம், பெருமைக்காக அல்ல. தலைப்பைக் கொடுத்தபோது குழுவில் இருந்த ஓர் அக்கா, "நூற்றாண்டு விழாவிலை வெள்ளைபடுதலைப் பற்றியோ கதைக்கப் போறியள்?" என்று கேட்டார். ஓம் அக்கா, அதையும்தான்.

மதுவம் எங்களுக்கு அறிமுகமானது இந்தப் பள்ளிக்கூடத்தில். அம்மா அப்பத்துக்குக் கரைத்த மாவில் கொஞ்சம் கள்ளு விடும்போது அதற்குள் உயிர் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், உயிரியல் ரீச்சர் நுணுக்குக்காட்டியை யன்னலோரம் தூக்கி வைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, ஒரு துளியைக் காட்டினா. முட்டை வடிவத்தில் ஒரு கலம், அதன் பக்கத்தில் அரும்பு மாதிரி ஒரு குட்டி. வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். இன்று பேச வந்திருக்கும் தோழியும் அந்த வரிசையில் நின்றவள்தான். அவள் பெயரைச் சொல்லக்கூடாது, கதையைச் சொல்லலாம் என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள்.

நாற்பத்தைந்து வயதளவில் அவளுக்குக் களைப்பு தொடங்கியது. வயிறு ஊதல், மறதி, அடிக்கடி பிறப்புறுப்பில் அரிப்பு, தயிர்க்கட்டி போல வெள்ளைபடுதல். பார்மசியில் கிறீம் வாங்கிப் பூசுவாள், நிற்கும். அடுத்த மாதம் திரும்ப வரும். வாழ்வது வெளிநாடு, குடும்ப வைத்தியர் ஆண், ஊரவர் வேறு. சொல்லக் கூச்சம். உடம்பின் நச்சை நீக்குகிறோம் என்ற ஒரு நிலையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. தலைமயிரில் ஒரு கொத்து வெட்டித் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். சில வாரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட அறிக்கை வந்தது. பாதரசம் கூட, ஈயம் கூட. உலோகத்தைப் பிடித்து வைப்பதற்காகவே உடம்பு மதுவத்தைப் பெருகவிடுகிறதாம். மதுவத்தைப் பட்டினி போட்டு உலோகத்தை வெளியேற்றினால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

அந்த அறிக்கையை அவள் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டாள். "இது ஒரு சிநேகிதியின்ரை. என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டாள். எங்களில் ஒருத்தி சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டாள். இன்னொருத்தி, "காசைக் கடலிலை கொட்டச் சொல்லு" என்று எழுதினாள். மூன்றாமவள் பார்த்துவிட்டுப் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் குழுவில் வாய் திறக்கவில்லை.

பதினான்கு மாதம் அவள் அந்த நிலையத்தின் சொற்படி நடந்தாள். தாகம் கூடியது, நச்சு கரைகிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். அடிக்கடி சலம் போனது. பாருங்கள், வெளியேறுகிறது என்றார்கள். ஒன்பது கிலோ மெலிந்தாள். அதைப் படம் பிடித்து வேறு பெண்களுக்குக் காட்டினார்கள். களைப்பு கூடியபோது, மதுவம் செத்து விழும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு நாள் கால் கழுவும் தொட்டியின் வெந்நீரில் கால் வெந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பாதம் ஏற்கெனவே மரத்திருந்தது. புண் பழுத்து வைத்தியசாலைக்குப் போன இரவில்தான் முதன்முதல் இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2 இருந்தது, 6.5 இருந்தாலே நீரிழிவு. வலது காலின் சின்ன விரலை எடுக்க வேண்டி வந்தது.

அவளுக்கு மதுவம் இருந்தது உண்மை. அது ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கன்டிடா என்ற மதுவம் நல்ல சுகத்தோடு இருக்கும் பலரின் வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புவழியிலும் வாழ்கிறது. மலத்தையோ துப்பலையோ சோதித்துக் 'கன்டிடா இருக்கிறது' என்று சொல்வது, கிணற்றடியில் பாசி இருக்கிறது என்று சொல்வது போல. காலையில் ஒரு கிளாஸ் தண்ணீரில் துப்பி நூல் மாதிரி இறங்கினால் மதுவம் என்று ஒரு சோதனை குழுக்களில் உலாவுகிறது. துப்பலில் சளிப்பொருள் இருக்கிறது, நூல் நூலாகத்தான் இறங்கும். நீங்களும் செய்து பாருங்கள், எங்களுக்கும் இறங்கியது.

அது நோயாவது இடம் கிடைக்கும்போது. பெண்களில் நான்கு பேருக்கு மூன்று பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது பிறப்புவழி மதுவத் தொற்றைக் காண்கிறோம். அன்ரிபயோற்றிக் எடுத்தால் காவலுக்கு இருக்கும் நல்ல பற்றீரியா குறைகிறது, மதுவம் பெருகுகிறது. கர்ப்பகாலத்திலும், ஸ்டீரொயிட் எடுப்பவர்களிலும், சீனி கூடியவர்களிலும் அப்படியே. நீரிழிவுக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் அங்கே மதுவம் வர வாய்ப்புண்டு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நல்ல மருந்துகள். தொற்று வந்தால் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொயிட் இன்ஹேலர் இழுப்பவர்கள் இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும், பல்செற் போடுபவர்கள் இரவில் கழற்றி வைக்க வேண்டும். இரண்டும் வாயில் வரும் வெள்ளைப் படலத்தைத் தடுக்கும்.

சிகிச்சையும் எளிது. குளோட்ரிமசோல் உள்வைக்கும் மாத்திரை, அல்லது புளூக்கொனசோல் 150 மில்லிகிராம் ஒரு தடவை. கர்ப்பிணிகள் புளூக்கொனசோல் குளிசை எடுக்கக்கூடாது, அவர்களுக்கு உள்வைக்கும் மாத்திரைதான். மணமும் சாம்பல் நிறமும் உள்ள வெள்ளைபடுதல் பெரும்பாலும் மதுவமே இல்லை, அதற்கு வேறு மருந்து. ஒரு வருடத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் வந்தால் கிறீமை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் சீனி பாருங்கள். எங்கள் தோழிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி இருந்தது, பிள்ளை பிறந்ததும் போய்விட்டது. அப்படி இருந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அல்லது அதற்கும் மேல். இந்த மண்டபத்தில் அப்படிப் பலர் இருப்பீர்கள். வருடம் ஒரு தடவை இரத்தம் கொடுங்கள்.

இரத்தத்துக்குள் மதுவம் போவதும் உண்டு. அது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடப்பவர்களுக்கும் நோயெதிர்ப்பு வீழ்ந்தவர்களுக்கும் வரும் உயிராபத்தான நோய். வேலைக்குப் போய் வந்து சமைத்துக்கொண்டு களைப்பாக இருப்பவருக்கு அது இல்லை.

அப்படியானால் களைப்பு, மறதி, வயிறு ஊதல் எல்லாவற்றுக்கும் மதுவமே காரணம் என்ற கதை எங்கிருந்து வந்தது? 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வைத்தியர் ஒருவர் எழுதத் தொடங்கினார். 1983இல் வில்லியம் குறூக் என்ற இன்னொரு வைத்தியரின் புத்தகம் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் 42 பெண்கள் பங்குகொண்டார்கள். மதுவத்தைக் கொல்லும் நிஸ்ராற்றினும் வெறும் போலி மருந்தும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. எது எப்போது என்று பெண்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. பிறப்புவழித் தொல்லைக்கு நிஸ்ராற்றின் உதவியது. களைப்பும் மனச்சோர்வும் மற்றவையும் போலி மருந்திலும் அதே அளவு குறைந்தன.

அந்த நிஸ்ராற்றினைப் பற்றி ஒரு வார்த்தை, பெண்கள் பள்ளிக்கூடம் என்பதால். அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயோர்க் நகரத்தில் நுண்ணுயிரியலாளர், ரேச்சல் பிறவுண் அல்பனியில் இரசாயனவியலாளர். மண்ணிலிருந்து வளர்த்தவற்றை ஒருவர் தபாலில் அனுப்ப, மற்றவர் சாற்றைப் பிரித்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். 1950இல் அறிவித்தார்கள், நியூயோர்க் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். கிடைத்த உரிமைப் பணத்தைத் தங்களுக்கு எடுக்காமல் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1966இல் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது ஓவியங்களில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கவும் இந்த மருந்து பயன்பட்டது.

இனி உலோகம். இதில் எங்களுக்குச் சிரிப்பு வராது. உலோக நஞ்சு உண்மையில் இருக்கிறது, எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. அதைத் தேடும் இடம்தான் தவறுகிறது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. எங்கள் சிறுவயதில் ஓடிய வாகனமெல்லாம் அதைப் புகையாகக் கக்கியது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது. இரத்தத்தில் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், ஆனால் எலும்பில் போய் ஒளித்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் மாதவிடாய் நின்ற பின்னும் எலும்பு கரையும்போது அது திரும்ப இரத்தத்துக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும். இன்று அது எங்கே இருக்கிறது? பழைய பெயின்ற் உதிரும் சுவரில். வாகன பற்றரி உடைக்கும் வளவில். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் கரையோர வீடுகளில், அம்மா சமைக்கும் அதே அடுப்பில். சில கடைக் குங்குமத்தில், சுர்மா என்று விற்கும் கண் மையில். எங்கள் பாட்டிமார் விளக்குக் கரியில் கூட்டிய மையில் அது இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பங்களாதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்றுக் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு சோதனையும் தண்டனையும் கொண்டுவந்ததும் ஓரிரு வருடங்களில் சந்தை மஞ்சளிலிருந்து அது மறைந்தது. கட்டி மஞ்சள் வாங்கி இடித்து வைப்பது பழைய பழக்கம் என்று சொல்லும் மகளுக்கு இதைச் சொல்லலாம்.

பாதரசம் இன்னொரு வழியாக வருகிறது. எங்களில் ஒருத்தியின் விடுதிக்கு, கலியாணம் முடித்து மூன்று மாதமான ஒரு பெண் முகமும் காலும் வீங்கி வந்தாள். சலத்தில் புரதம் கொட்டியது. சிறுநீரகத்துக்குக் காரணம் தேடித் தேடிக் களைத்த நேரத்தில் ஒரு தாதி, "தங்கச்சி, முகத்துக்கு என்ன பூசுறனீங்கள்?" என்று கேட்டா. பொம்பிளை பார்க்க வரும் நாளிலிருந்தே ஒரு வெள்ளைக் கிறீம், சிட்டையில் என்ன இருக்கிறதென்று எழுதாத சின்னப் பேணி. சலத்தில் பாதரசம் மிகக் கூடியிருந்தது. கிறீமை நிறுத்தினோம், மாதங்களில் புரதம் குறைந்தது. தோலின் நிறத்தைத் தடுப்பதற்காகப் பாதரச உப்பைப் போடுகிறார்கள்; 2013இல் கைச்சாத்தான மினமாட்டா உடன்படிக்கை இதை உலகமெங்கும் நிறுத்தச் சொல்கிறது, ஆனாலும் அந்தப் பேணிகள் பெட்டிக்கடைகளிலும் வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளிலும் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பிள்ளையைக் கறுப்பு என்று சொன்னவர்களில் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மீனில் வரும் பாதரசம் வேறு வடிவம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்கிறது. ஆகவே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பெரிய சுறாவையும் அதுபோன்ற பெரிய கொன்றுண்ணி மீன்களையும் தவிர்ப்பது நல்லது. "பிள்ளை பெத்தவளுக்குச் சுறா குடுக்காமல் என்னத்தைக் குடுக்கிறது?" என்று அம்மம்மாமார் கேட்பது காதில் விழுகிறது. பத்தியக்கறியை நாங்கள் தடுக்கவில்லை. பெரிய சுறாத் துண்டுக்குப் பதில் சின்ன மீன் போட்டு வையுங்கள். சூடையும் நெத்தலியும் பாதரசம் குறைந்தவை, கல்சியமும் நல்ல கொழுப்பும் நிறைந்தவை. மீனையே விட்டுவிடுவது பிழை.

நாட்டு மருந்து பற்றியும் சொல்லாமல் போகமுடியாது. சித்த, ஆயுர்வேத முறைகளில் பாதரசமும் ஈயமும் சேர்த்துச் செய்யும் மருந்துகள் உண்டு. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மூலிகைப் பொருட்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்துக்கு ஒன்று. பெயரில்லாத தூளைப் பொட்டலமாக வாங்கிக் குடிப்பவருக்கு வயிற்று வலியும் மலச்சிக்கலும் இரத்தசோகையும் சேர்ந்து வந்தால் ஈயத்தை நினைக்க வேண்டும். நச்சு நீக்குவதற்கென்று வாங்கிய தூளிலேயே நச்சு இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

சோதிப்பது எப்படி? ஈயத்துக்கு இரத்தம். கிறீமிலிருந்து வரும் பாதரசத்துக்குச் சலம். சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருந்தால் மட்டும். தலைமயிரைப் பற்றிக் கேட்டால், 2001இல் ஒரே ஆளின் தலைமயிரைப் பங்கிட்டு அமெரிக்காவின் ஆறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார்கள். ஆறும் ஆறு விதமாகச் சொன்னது, சில கனிமங்களில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இன்னொரு தந்திரம், உலோகத்தை இழுக்கும் மருந்தைக் குடிக்கவைத்துவிட்டுச் சலத்தைச் சோதிப்பது. அப்படிச் செய்தால் எங்கள் எல்லோருக்கும் கூடத்தான் காட்டும், ஏனென்றால் ஒப்பிடும் அளவு மருந்து குடிக்காதவர்களுடையது. கால் தொட்டியில் தண்ணீர் மண்ணிறமாவது மின்சாரத்தில் இரும்புத் தகடு கரைவதால். காலை வைக்காமல் சுவிச்சைப் போட்டாலும் அதே நிறம்தான்.

உலோகத்தை இழுக்கும் மருந்துகள் உண்மையான நச்சேற்றத்தில் உயிர் காக்கும், நாங்களும் கொடுக்கிறோம். தேவையில்லாமல் கொடுத்தால் கல்சியத்தையும் சேர்த்து இழுத்துவிடும். 2005இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு இப்படிச் சேலைன் வழியே ஏற்றியபோது இரத்தக் கல்சியம் விழுந்து இதயம் நின்றது. ஓட்டிசப் பிள்ளைகளின் தாய்மாரிடம் இன்றும் இதை விற்கிறார்கள். அந்தத் தாய்மாருக்கு மேல் எங்களுக்குக் கோபமில்லை.

வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காணும் சிறுநீரக நோயில் கட்மியம், ஆர்சனிக் என்ற சந்தேகம் பல வருடமாக இருக்கிறது. ஆய்வுகள் தொடர்கின்றன, ஒரே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. அந்தப் பயத்தைக் காட்டி விற்கும் போத்தல் எதுவும் அதைக் குணமாக்கியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிலையத்தில் எங்கள் தோழிக்கு முதல்நாளே ஒரு மணித்தியாலம் கொடுத்தார்கள். தேத்தண்ணி கொடுத்து, நித்திரை எப்படி, வீட்டில் யார், எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். எங்கள் கிளினிக்கில் ஒருவருக்குச் சில நிமிடம்தான். கொப்பியைத் திறக்கும்போதே அடுத்தவர் கதவில் நிற்பார். களைப்பு என்று வரும் நாற்பது வயதுப் பெண்ணை 'வயசு, வீட்டு வேலை, யோசனை' என்று சொல்லி விற்றமின் எழுதி அனுப்பியவர்கள் நாங்களும்தான். இரத்தசோகை, தைரொயிட், சீனி மூன்றையும் பார்க்க ஒரு ஊசிக்குத்து போதும். வாரக்கணக்கில் வயிறு ஊதி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோனால் சூலகத்தை ஸ்கான் பண்ண வேண்டும், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். இதையெல்லாம் செய்யாமல் இன்னொருவரின் கால் தொட்டியைக் கேலி செய்தோம்.

அறுவைக்குப் பிறகு அவளைப் போய்ப் பார்த்தவள், அந்தச் சிரிக்கும் பொம்மையைப் போட்டவள்தான். "ஏனடி எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாளாம். "கேட்டனான்தானே" என்று அவள் சொன்னாளாம்.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு அறிவித்தல். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து இலவசமாக நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். சீனி, அழுத்தம், மார்பு, கருப்பைக் கழுத்து நான்கையும் ஒரே நாளில் பார்க்கலாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேட்டால் திகதி சொல்லுவா. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள குடும்ப வைத்தியரிடம் பெண் வைத்தியரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்று மதியம் இரண்டு மணியிலிருந்து நாங்கள் மூவரும் பழைய உயிரியல் ஆய்வுகூடத்தில் இருப்போம். சீனி பார்க்கும் கருவி கொண்டு வந்திருக்கிறோம். முகத்துக்குப் பூசும் பேணி, குடிக்கும் தூள், தபாலில் வந்த அறிக்கை எது கைப்பையில் இருந்தாலும் கொண்டு வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராகக் கதைக்கலாம். அந்த நுணுக்குக்காட்டி இன்னும் யன்னலோரம்தான் இருக்கிறது. எங்கள் தோழியும் அங்கே வந்து இருக்கிறாள், பெயர்களை எழுதுவது அவள்.